ஐந்து வயதுப் பட்டதாரிக்கு என்ன உடை?

சென்ற பங்குனி மாதத்தில் ஒரு மாலை வேளையில் நமது நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். வாசற்படியில் கால் வைக்கும்போதே உள்ளே பலத்த விவாதம் நடப்பது காதில் விழுந்தது. சட்டசபையில் வரவு செலவுத் திட்டத்தின் மீது விவாதம் நடக்கும்போதுகூட அவ்வளவு சூடு இருக்குமா என்பது சந்தேகந்தான். சந்தடி செய்யாமல் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தோம். அதற்குள் நண்பர் நம்மைப் பார்த்துவிட்டார்.

"வாருங்கள், வாருங்கள்! நல்ல சமயத்தில்தான் வந்தீர்கள். பட்டமளிப்பு விழாவுக்கு என்ன உடுத்துவது என்று நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுங்கள்" என்றார்.

"பட்டம் யாருக்கு?" என்று கேட்டோம்.

"வேறு யாருக்கு? நம் குழந்தைக்குத்தான்!"

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனெனில் நண்பருக்கு இருப்பது ஒரே பெண். அவளுக்கு வயது ஐந்து. பட்டம் பெறப்போகும் அந்த அம்மாள் அச்சமயம் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து தீப்பெட்டிகளைக் கோத்து ரயில் விட்டுக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றித்தான் இவ்வளவு வாக்குவாதமும் நடக்கிறது என்பதை அவள் அறிந்ததாகவே தெரியவில்லை.

விஷயம் இதுதான். குழந்தை யூ.கே.ஜி. வகுப்பை முடித்து ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். இதை முன்னிட்டு அந்தப் பள்ளிக்கூடத்தில் 'கிராஜுவேஷன் டே' என்னும் வைபவத்தை நடத்துகிறார்கள். நம் காலத்தில் ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போவதற்குப் பட்டமும் கிடையாது, விழாவும் கிடையாது. புது வாத்தியாரின் பிரம்பு எத்தனை நீளம் என்று விசாரித்துக்கொண்டு போய் உட்காருவதோடு சரி. இப்பொழுதோ பட்டணங்களில் மட்டுமின்றிச் சிற்றூர்களிலும்கூட மழலை வகுப்புக் குழந்தைகள் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் தரித்துப் பட்டம் பெறுகிறார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து கைபேசி மூலம் சுற்றறிக்கை வந்திருந்தது. அங்கியையும் தொப்பியையும் பள்ளிக்கூடமே வாடகைக்கு அமர்த்திக் கொடுக்குமாம். ஆனால் குழந்தைக்கு அங்கியின் உள்ளே 'நல்ல உடை' அணிவித்து அனுப்பவேண்டும். பெற்றோர்களும் 'தகுந்த உடை'யில் வரவேண்டும். இந்த இரண்டு சொற்கள்தான் அந்த வீட்டின் அமைதியைக் குலைத்துவிட்டன.

நண்பரின் கட்சி வெல்வெட் கட்சி. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருந்த வெல்வெட் கவுனைப் பார்த்து வைத்திருந்தார். நாலாயிரம் ரூபாய். அதற்கேற்ற பூட்ஸ் தனி. அவருடைய சகதர்மிணியின் கட்சி பட்டுக் கட்சி. ஜரிகை போட்ட பட்டுப் பாவாடை, அட்டிகை, ஜிமிக்கி, தலைக்கு ராக்கொடி வரையில் அந்த அம்மாள் மனத்துக்குள் ஜாபிதா தயார் செய்துவிட்டாள். நண்பரின் தாயாரோ எந்தக் கட்சியிலும் சேராதவர். "வெயில் இப்படிக் கொளுத்துகிறது. பச்சைக் குழந்தைக்கு எதற்கப்பா இந்த வேஷமெல்லாம்?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

நீதிபதி ஸ்தானம் நமக்கு வலிய வந்திருந்தது. ஆகவே நீதிமன்ற முறைப்படி சம்பந்தப்பட்டவரை விசாரிக்க வேண்டுமல்லவா? குழந்தையைக் கூப்பிட்டு, "கண்ணு, விழாவுக்கு உனக்கு எந்தச் சட்டை வேண்டும்?" என்று கேட்டோம்.

அவள் ரயிலை நிறுத்தாமலே பதில் சொன்னாள்: "அரிக்காத சட்டை!"

அங்கி வந்த வழி

தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கறுப்பு அங்கியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நலம். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு ஸர்வகலாசாலைகள் தோன்றியபோது, அங்கே படித்தவர்களும் படிப்பித்தவர்களும் பெரும்பாலும் சமயத் துறையைச் சேர்ந்தவர்கள். பாதிரிமார் உடுத்திய நீண்ட அங்கியே அவர்களுடைய உடையாயிற்று. கல்லால் கட்டிய மண்டபங்களில் குளிர் எலும்பைத் துளைக்கும். கணப்பு வசதியும் போதாது. அங்கி உடம்பைக் காத்தது. அதன் பின்னால் தொங்கும் முக்காடு தலையைக் காத்தது. ஆகவே அந்த உடையில் அந்த நாட்டுக்குப் பொருத்தமான நியாயம் இருந்தது.

1857-ம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் லண்டன் ஸர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு ஸர்வகலாசாலைகள் ஏற்பட்டன. மாதிரியோடு அங்கியும் கப்பலேறி வந்து சேர்ந்தது. குளிருக்குத் தைத்த உடை கடற்கரை வெப்பத்தில் வந்து நின்றது. அதைப் போட்டுக்கொண்டு நெற்றி வேர்வையைத் துடைத்தபடி பட்டம் வாங்கிய நம் முன்னோர்களைப் பரிகசிப்பது நமது நோக்கமன்று. அவர்களில் பலருக்கு அந்த அங்கிதான் வறுமையிலிருந்து வெளியேறும் வாசலாக இருந்தது. ஆனால் வாசலைத் தாண்டி நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலான பிறகும் அந்தக் கதவையே தோளில் சுமந்துகொண்டு நடக்கவேண்டுமா என்று கேட்பது தவறாகாது.

கேட்டவர்களும் இருக்கிறார்கள். 2010-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் போபால் நகரில் வன நிர்வாகக் கல்லூரியின் பட்டமளிப்பு விழா நடந்தது. அப்போது மத்திய சுற்றுச்சூழல் மந்திரியாக இருந்த ஸ்ரீ ஜெயராம் ரமேஷ், இது அந்நிய ஆட்சியின் மிச்சம் என்று சொல்லி மேடையிலேயே தம் அங்கியைக் கழற்றிவிட்டார். 2019-ல் பல்கலைக்கழக மானியக் குழு, பட்டமளிப்பு உடைகளுக்குக் கைத்தறித் துணியை உபயோகிக்குமாறு ஸர்வகலாசாலைகளைக் கேட்டுக்கொண்டது. 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார இலாகா, தன் பொறுப்பிலுள்ள மருத்துவக் கல்லூரிகள் கறுப்பு அங்கியை விட்டு, அந்தந்த ராஜ்யத்தின் மரபுக்கேற்ற உடையை வகுத்துக்கொள்ள வேண்டுமென்று அறிவித்தது.

அதற்கெல்லாம் வெகு முன்னாலேயே வேறு வழி காட்டியவர்களும் உண்டு. காந்தியடிகள் 1920-ல் அகமதாபாத்தில் நிறுவிய குஜராத் வித்யாபீடத்தில் நெடுங்காலமாகக் கதர் உடுத்துவதே முறை. கவி ரவீந்திரநாதரின் விசுவபாரதியில் பட்டம் பெறுகிறவர்களின் கையில் ஏழிலைப்பாலை மரத்தின் இலைக்கொத்தைக் கொடுப்பது வழக்கம். அந்த மரத்தின் பலகையில் எழுதிப் பழகிய மாணாக்கர்களை நினைத்து, தாவர சாஸ்திரிகளும் அதன் பெயரிலேயே கல்வியைச் சேர்த்து 'ஸ்கொலாரிஸ்' என்று வைத்திருக்கிறார்கள். பாடம் எழுதிய பலகை தந்த மரத்தின் தழையைவிடச் சிறந்த பட்டம் ஒரு மாணவனுக்கு என்ன இருக்க முடியும்?

துணியின் சாட்சியம்

இதையெல்லாம் கேட்ட நண்பர், "அங்கியை நாம் மாற்ற முடியாதே? அது பள்ளிக்கூடத்தின் உத்தரவு ஆயிற்றே?" என்றார்.

வாஸ்தவம். அங்கி நம் கையில் இல்லை. ஆனால் அங்கிக்கு உள்ளே இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. வாடகை அங்கிகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் துணியில் தைத்தவை. சாதாரணக் காற்றில் நூறு பங்கு எடையுள்ள பருத்தி ஏறக்குறைய எட்டுப் பங்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டரோ அரைப் பங்குகூட வாங்காது. வேர்வையை உறிஞ்சாத துணி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். காற்றும் உள்ளே புகாது. நிறமோ கறுப்பு. அது வெயிலை விருந்துக்கு அழைக்கும் நிறம். மாதமோ பங்குனியும் சித்திரையும். சென்னையில் அந்த நாட்களில் உஷ்ணம் சர்வசாதாரணமாக 35 டிகிரியைத் தொட்டுவிடும்.

இப்படிப்பட்ட அங்கிக்குள்ளே வெல்வெட்டையும், வெல்வெட்டுக்குள்ளே ஒரு குழந்தையையும் வைத்தால் அது பட்டமளிப்பு ஆகாது, இட்டிலிப் பானையாகிவிடும்! ஜரிகைப் பட்டும் அப்படித்தான். பட்டு நல்ல பொருளே. ஆனால் ஜரிகையின் விளிம்பு இளம் கழுத்தை அறுக்கும். வேர்வை பட்டால் பட்டும் பாழாகும். மேலும், அங்கியைப் போட்டு மூடிய பிறகு நாலாயிரம் ரூபாய் உடையைப் பார்க்கப் போகிறவர்கள் யார்? பார்ப்பவர் ஒருவருமில்லை. அனுபவிப்பவள் ஒருத்திதான். அவள்தான் ஆரம்பத்திலேயே தன் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டாளே!

ஆகவே உடம்பை ஒட்டிய உடை மெல்லிய பருத்தியாக இருக்கவேண்டும். புதிதாக இருந்தால் ஒரு முறையாவது நனைத்து உலர்த்திக் கஞ்சியைப் போக்கியிருக்க வேண்டும் என்று நாம் தீர்ப்புக் கூறினோம்.

நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. அப்போதுதான் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவருடைய தாயார் தலை நிமிர்ந்தார்.

தபாலில் வந்த பட்டம்

"அவன் ஆசைப்படுவது குழந்தைக்காக மட்டும் இல்லை ஐயா" என்றார் அந்த அம்மாள். "இவன் பி.எஸ்ஸி. தேறின வருஷம் பட்டணத்தில் விழா நடந்தது. ரயில் சத்தம் வேண்டும், அங்கிக்கு வாடகை வேண்டும், நல்ல சட்டை ஒன்று வேண்டும். அந்த வருஷம் பார்த்து எங்கள் வீட்டில் தறி நின்றுபோயிற்று. நூல் விலை ஏறிவிட்டது. நெய்ததை வாங்கவும் ஆளில்லை. இவன், 'நான் போகவில்லை அம்மா, தபாலிலேயே அனுப்பிவிடுவார்கள்' என்று சொல்லிவிட்டான். தபால்காரர்தான் பட்டம் கொடுத்தார். துணி நெய்கிற வீட்டில் பிள்ளைக்கு ஒரு சட்டை இல்லாமல் போயிற்றே என்று இவன் அப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்."

கூடத்தில் சிறிது நேரம் நிசப்தம் நிலவியது. தீப்பெட்டி ரயில்கூட நின்றுவிட்டது.

நமக்கு அந்த நிமிஷத்தில்தான் வெல்வெட் கவுனின் உண்மை விலை தெரிந்தது. அது இருபது வருஷங்களுக்கு முன்னால் ஓர் இளைஞன் போட்டுக்கொள்ளாத அங்கி. அதை இப்பொழுது அவர் தம் குழந்தையின் மேல் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார். நேயர்களே, இந்த ஆசையைக் கேலி செய்ய நமக்கு மனம் வரவில்லை. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படி ஒரு போடாத அங்கி எங்கேயோ தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதன் கனத்தை ஐந்து வயதுத் தோள் தாங்குமா என்பதை மட்டும் நாம் யோசிக்கவேண்டும்.

பாட்டியம்மாள் எழுந்து உள்ளே சென்றார். பழைய தகரப் பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுத்து வந்தார். சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட நூல் சேலை. காலஞ்சென்ற கணவர் தம் கையாலேயே நெய்தது. தார் சுற்றிக் கொடுத்தவர் அந்த அம்மாள். பல முறை துவைத்துத் துவைத்து வாழைக் குருத்தைப் போல் மெதுவாகியிருந்தது.

"இதில் பாவாடை சட்டை தைத்துவிடுங்கள்" என்றார்.

"ஐயையோ, மாமா நெய்ததில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதானே அத்தை! இதையா வெட்டுவது?" என்று பதறினாள் மருமகள்.

"பெட்டியில் இருந்தால் பூச்சிக்குத்தான் பட்டம். குழந்தை கட்டட்டும்" என்றார் பாட்டியம்மாள்.

அதற்கு மேல் அப்பீல் இல்லை.

பெற்றோருக்குத் தகுந்த உடை

'நல்ல உடை' தீர்ந்தது. இனி, பெற்றோரின் 'தகுந்த உடை' பாக்கி.

1916-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் காசி இந்து ஸர்வகலாசாலையின் துவக்க விழாவில் மகாராஜாக்கள் பலர் நகைகளால் ஜொலித்துக்கொண்டு வீற்றிருந்தார்கள். அங்கே பேச எழுந்த காந்தியடிகள், இந்த நகைகளைக் களைந்து நாட்டு மக்களுக்காகத் தர்மகர்த்தாவைப் போல் வைத்திருந்தாலன்றி இந்தியாவுக்கு விமோசனம் இல்லை என்ற கருத்தைச் சபையிலேயே வெளியிட்டார். சபையில் பெருங் குழப்பம் உண்டாயிற்று. ஐந்து வருஷங் கழித்து, 1921 செப்டம்பரில், நமது மதுரையில் அவர் தம் மேலாடைகளையே துறந்து முழங்கால் அளவுத் துணிக்கு வந்தார். கல்விக் கூடத்தின் விழா, உடையின் பெருமையைக் காட்டும் இடமல்ல என்பதை இதைவிட அழுத்தமாக எடுத்துக் காட்டியவர் இல்லை.

நம் வீட்டுப் பெண்மணிகள் அட்டிகையைக் கழற்றிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவ்வளவு தைரியம் நமக்குக் கிடையாது! ஆனால் விழாப் பந்தலில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் தாயாரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். நம் பட்டின் பளபளப்பில் அவளுடைய சேலை மங்கித் தெரிந்தால், அன்றைக்கு அவள் மனம் குழந்தையிடம் இராது. தன் முந்தானையின் மேல்தான் இருக்கும்.

வேஷ்டி கட்டினால் கௌரவக் குறைவோ என்று தயங்கும் தகப்பனார்களுக்கும் ஒரு வார்த்தை. 2014-ம் ஆண்டில் சென்னையில் ஒரு கிளப்பிற்குள் வேஷ்டி கட்டிய காரணத்தால் ஹைகோர்ட் நீதிபதி ஒருவருக்கே அனுமதி மறுக்கப்பட்டது. உடனே தமிழ்நாட்டுச் சட்டசபை, பொது இடங்களில் வேஷ்டிக்குத் தடை விதிக்கக் கூடாது என்று சட்டமே செய்துவிட்டது. ஆகவே வேஷ்டிக்கு இப்பொழுது சட்டத்தின் பக்கபலமும் இருக்கிறது. இடுப்பின் பக்கபலம் மட்டும் அவரவர் பொறுப்பு.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் கைத்தறி வாங்கலாம். 2019-20-ல் எடுத்த கணக்கின்படி இந்த நாட்டில் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டவர்கள் 35 லட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுதேசி இயக்கம் 1905-ல் கல்கத்தாவில் முழங்கிய ஆகஸ்டு 7-ம் தேதியே தேசியக் கைத்தறி தினமாயிற்று. முதல் கைத்தறி தின விழா 2015-ல் நடந்ததும் சென்னை ஸர்வகலாசாலையின் நூற்றாண்டு மண்டபத்திலேதான். பட்டமும் தறியும் ஒரே கூரையின் கீழ் சந்தித்தது நமக்கு நல்ல சகுனமாகவே தோன்றுகிறது. மதுரைச் சுங்குடியோ, செட்டிநாட்டுக் கண்டாங்கியோ, எளிய கரை போட்ட நூல் வேஷ்டியோ, எதுவானாலும் ஒரு நாள் விழாவோடு முடிந்துபோகாமல் மறுநாளும் உடுத்தலாம். வாடகை அங்கிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

விழா நாள்

நீதிபதி என்ற முறையில் நமக்கும் அழைப்பு வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானாப் பந்தல். காலை பத்து மணிக்கு விழா. பிரதம விருந்தினர் பதினொன்றரை மணிக்கு வந்து சேர்ந்தார். அதுவரையில் நாற்பது பட்டதாரிகளும் மேடையருகே பெஞ்சுகளில் உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். வெல்வெட்டும் ஜரிகையும் அணிந்து வந்த சின்னஞ்சிறு முகங்கள் முதலில் சிவந்தன, பிறகு சிணுங்கின, பிறகு வாய்விட்டே அழுதன. ஒரு பையன் தன் பூட்ஸ்களைக் கழற்றி வைத்துவிட்டு, இனி அவற்றைப் போடமாட்டேன் என்று சத்தியாக்கிரகம் தொடங்கிவிட்டான்.

நம் குழந்தைக்கும் வேர்க்காமல் இல்லை. நம் தீர்ப்பு வெயிலைக் குறைத்துவிட்டது என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டோம். ஆனால் அவள் அழவில்லை. அங்கியின் கைகளை முழங்கை வரையில் சுருட்டிவிட்டுக்கொண்டு, தொப்பியின் குஞ்சத்தை ஊதி ஊதி விளையாடிக்கொண்டிருந்தாள். பெயர் கூப்பிட்டதும் துள்ளிக்கொண்டு மேடைக்குப் போனாள். சிவப்பு நாடா கட்டிய காகிதச் சுருளைப் பெற்றுக்கொண்டாள். வணக்கம் சொல்ல மறந்துவிட்டாள். பெஞ்சுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக நாடாவை அவிழ்த்துச் சுருளைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் வெள்ளைக் காகிதம்! அசல் சான்றிதழைப் பிறகு தருவார்களாம். மற்றவர்களாயிருந்தால் ஏமாந்துபோயிருப்பார்கள். நம் பட்டதாரியோ பக்கத்தில் இருந்த ஆசிரியையிடம் பென்சில் வாங்கி அந்தக் காகிதத்தில் நீளமாக ஒரு ரயில் வரைய ஆரம்பித்துவிட்டாள்.

படம் பிடித்து முடிந்ததும் அங்கிகளைக் கழற்றிக்கொள்ள உத்தரவாயிற்று. பந்தலுக்கு வெளியே, கட்டம் போட்ட பாவாடை காற்றில் சுழல, அவள் வேப்ப மரத்தைச் சுற்றி ஓடினாள். பாட்டியம்மாள் நாற்காலியில் அமர்ந்து பாவாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, வேர்வையைத் துடைத்துக்கொண்டாரா என்பதை நாம் கவனிக்கவில்லை.

நண்பர் மெதுவாக நம் பக்கத்தில் வந்து நின்றார். அச்சமயம் குழந்தை ஓடி வந்து, "அப்பா, நீ போட்டுக்கோ!" என்று தன் அட்டைத் தொப்பியை அவர் தலையில் வைத்தாள். அது தலைக்குள் இறங்காமல், உச்சியின் மேல் பலகாரப் பெட்டியைப் போல உட்கார்ந்திருந்தது. நண்பரின் மனைவி அதைக் கைபேசியில் படம் பிடித்தாள். அந்த அம்மாள் அன்று பிடித்த படங்களில் கூடத்து அலமாரியின் மேல் இப்பொழுது இருப்பது அந்த ஒன்றுதான்.

மிச்சமான நாலாயிரம் ரூபாய் என்ன ஆயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். அதில் ஒரு பகுதி ஒன்றாம் வகுப்புப் புத்தகங்களுக்குப் போயிற்று. இன்னொரு பகுதியில் பாட்டியம்மாளுக்கு ஒரு புதுக் கைத்தறிச் சேலை வந்தது. வெட்டிய சேலைக்கு அது ஈடாகாது. ஆனால் வேறு எங்கேயோ ஒரு தறி அதனால் சிறிது நேரம் ஓடியிருக்கும்.

இன்னும் பதினாறு வருஷங்களில் அந்தக் குழந்தை உண்மையாகவே பட்டம் பெறுவாள். அப்பொழுது அவள் என்ன உடுத்தவேண்டும் என்று நம்மிடம் யாராவது கேட்டால், நம் பதில் இப்பொழுதே தயாராயிருக்கிறது. அவளையே கேட்டுவிடுங்கள். ஐந்து வயதிலேயே நம் எல்லோரையும்விடத் தெளிவாகச் சொன்னவள் அவள்தானே!